எங்கள் கார் ஏன் கொதித்தது

எங்கள் கார் கொதிக்கத் தொடங்கியது நான் ராஜபாளையத்துக் கல்லூரியில் இரண்டாம் வருஷம் பௌதிகம் படித்துக்கொண்டிருந்த ஒரு பங்குனி மாதத்தில். எண்பதுகளின் கடைசி. கறுப்பு அம்பாசிடர். எங்களிடம் வருவதற்கு முன்பே இரண்டு பேரிடம் உழைத்துவிட்டு வந்தது. அப்பா அதை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்துக்கு வெளியே மற்ற வாடகைக் கார்களோடு வரிசையில் நிறுத்துவார். கோயிலுக்கு வருகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கல்யாண வீட்டுக்காரர்கள், இவர்கள்தான் அவருடைய சவாரி.

அதற்கு முன்னால் அப்பா லாரி ஓட்டினார். ராஜபாளையத்தில் நூல் பொதி ஏற்றிக்கொண்டு வடக்கே போவார். எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. வந்தால் குளிப்பார், சாப்பிடுவார், படுத்துவிடுவார். ஒன்றாம் வகுப்பில் டீச்சர், "ஒங்க அப்பா என்ன செய்றாரு?" என்று கேட்டபோது நான் எழுந்து நின்று, "தூங்குவாரு டீச்சர்" என்றேனாம். அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அப்பா சிரிக்க மாட்டார். அவர் லாரியை விட்டுவிட்டுக் காரை வாங்கியதற்கு அந்தப் பதிலும் ஒரு காரணம் என்று நினைத்துக்கொள்வேன்.

அம்மா ராஜபாளையத்தில் ஒரு பஞ்சுப்பேட்டையில் வேலை பார்த்தாள். பருத்தியை எந்திரத்தில் கொட்டி, கொட்டை வேறு பஞ்சு வேறாகப் பிரிக்கிற இடம். காலையில் பஸ் ஏறிப் போவாள். சாயங்காலம் தூக்குவாளியோடு தெருமுனையில் தெரிவாள். நாள் முழுக்க நின்றே செய்கிற வேலை. முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டு நீலம் பாரித்திருக்கும். ராத்திரி சுவரில் காலைத் தூக்கிச் சாய்த்துவைத்துப் படுத்திருப்பாள். எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது பஞ்சுப்பேட்டை முழுக்க மிட்டாய் கொடுத்தவள் அவள்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகத் தாண்டிய முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

கார் முதல்முறை கொதித்தது வ. புதுப்பட்டிக்காரர்கள் சிலரை மலையடிவாரத்துக்கு ஏற்றிப் போனபோது. முன்பக்கமிருந்து ஆவி கிளம்ப, ஏறியிருந்தவர்கள் தீப்பிடித்துவிட்டது என்று கதவைத் திறந்து குதித்திருக்கிறார்கள். அப்பா வாய்க்கால் தண்ணீரை ஊற்றி, ஆறவைத்து, மெதுவாகத் திரும்பக் கொண்டுவந்தார். அடுத்து மம்சாபுரம் போகிற வழியில் ஒரு பெண் வீட்டாரோடு. பட்டுச் சேலையும் சீர்த்தட்டுமாகப் பெண்கள் ரோட்டோரப் புளியமரத்தடியில் நிற்க வேண்டியதாயிற்று. பெண்ணின் தாய்மாமன் பேசிய பேச்சை அப்பா வீட்டில் சொல்லவில்லை. ஸ்டாண்டில் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஸ்டாண்டில் அவர்கள் இதை விடுவார்களா? "அண்ணாச்சி காரு வந்துருச்சுலே, டீ மாஸ்டர்ட்ட சொல்லு, இனி வெந்நிக்கு அடுப்பு வேண்டாம்" என்பார்கள். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் சவாரி கேட்டு வருகிறவர்கள் எங்கள் காரைத் தாண்டி அடுத்த காருக்குப் போவது அதிகமாயிற்று.

மெக்கானிக் அப்பாவைவிட வயதில் சின்னவர். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். அப்பாவை அண்ணாச்சி என்று தமிழில் கூப்பிடுகிறவர், அம்மாவை மட்டும் அண்ணிக்குத் தெலுங்குச் சொல்லான 'வதினா' என்றுதான் கூப்பிடுவார். அவர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் வரிசையாகச் செய்து பார்த்தார். ஃபேன் பெல்ட்டை மாற்றினார். வெடிப்பு விட்டிருந்த ரப்பர் குழாய்களை மாற்றினார். ரேடியேட்டருக்குள் தண்ணீரைப் பீய்ச்சித் துருவை வெளியேற்றினார். ரேடியேட்டர் என்பது காரின் முகப்புக்குப் பின்னால் இருக்கிற, மெல்லிய தகடுகள் அடுக்கிய பெட்டி. என்ஜினின் சூட்டை வாங்கிக்கொண்டு வருகிற தண்ணீர் அதற்குள் ஓடும்போது, தகடுகளுக்கிடையே புகுந்து வருகிற காற்றில் ஆறும். தண்ணீர் நன்றாகத்தான் ஓடியது. ஒழுகல் எங்கும் இல்லை. கார் மட்டும் கொதித்துக்கொண்டே இருந்தது.

கடைசியில் அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, இனி என்ஜினைப் பிரிச்சாத்தான் தெரியும்" என்றார்.

என்ஜினைப் பிரிக்கிற செலவுக்கு எங்களிடம் வழி இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

இது எப்படியோ அப்பாவின் பழைய லாரி முதலாளி காதுக்குப் போயிற்று. ராஜபாளையத்திலிருந்து ஆள் விட்டார். வடக்கே போகிற வண்டிக்கு டிரைவர் இல்லை, காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வா, திங்கட்கிழமைக்குள் பதில் சொல் என்று.

அன்றைக்கு அம்மா பரணிலிருந்து அப்பாவின் லாரிக் காலத்துத் தகரப் பெட்டியை இறக்கி, துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா வாசலில் நின்று பார்த்தார்.

"இப்ப எதுக்கு அத எறக்குன? நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே."

"எலி கிலி கடிச்சிருக்கான்னு பாத்தேன்" என்றாள் அம்மா, நிமிராமல்.

துடைத்துவிட்டு, மறுபடி பரணிலேயே ஏற்றினாள். அப்பா இல்லாத வீட்டில் அம்மா எப்படி இருப்பாள் என்று எனக்கு ஞாபகம் இருந்தது. ராத்திரி ரோட்டில் லாரிச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். கார் சரியாகாவிட்டால் மறுபடி அதுதான்.

சனிக்கிழமை கல்லூரி இல்லை. அப்பாவுக்கு மத்தியானச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனேன். கார்கள் ரோட்டைப் பார்த்து வரிசையாக நின்றன. அப்பாவின் காருக்கு முந்தின கார் சவாரிக்குக் கிளம்ப உறுமிக்கொண்டு நின்றது. அதன் முன்னால் ஒதுங்கிப் போனபோது என் தாவணி முந்தி பறந்து அதன் முகப்புக் கம்பியில் ஒட்டிக்கொண்டது. இழுத்தேன், வந்தது. விட்டேன், திரும்பப் போய் ஒட்டிக்கொண்டது.

"ஏட்டி, தாவணியப் பிடி. அப்படியே உள்ள இழுத்துட்டுப் போயிரப் போவுது" என்றார் அந்த டிரைவர்.

அடுத்தது எங்கள் கார். ஒரு சவாரியை இறக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தது. அதுவும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பேட்டரி வயசானது. அணைத்தால் திரும்பக் கிளப்பத் தள்ளிவிட ஆள் வேண்டும். அதனால் சின்ன நிறுத்தத்துக்கெல்லாம் அப்பா என்ஜினை அணைப்பதில்லை. அதன் முன்னால் நின்று அப்பாவைத் தேடினேன். தாவணி கொடியில் காயப்போட்ட மாதிரி நேராகத் தொங்கியது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். முந்தியைக் கையில் எடுத்து எங்கள் காரின் முகப்பில் வைத்துக் கையை எடுத்தேன். விழுந்தது. பக்கத்துக் காருக்குப் போய் வைத்தேன். ஒட்டியது. மறுபடி எங்கள் காருக்கு வந்தேன்.

டீக்கடைப் பெஞ்சிலிருந்து ஒருவர், "அண்ணாச்சி, இங்க வந்து பாரும். ஒம்ம மக காருக்கு வெஞ்சாமரம் வீசுதா" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்த நேரத்தில் யார் சிரிப்பும் உறைக்கவில்லை. ஃபேன் ஓடுகிறது. ஓடுகிற ஃபேன் முன்பக்கத்துக் காற்றை ரேடியேட்டர் வழியாக உள்ளே இழுக்க வேண்டும். அடுத்த காரில் இழுக்கிறது. இங்கே இழுக்கவில்லை. அப்படியென்றால் வழி எங்கோ அடைத்திருக்கிறது.

அப்பா வந்தார். "தண்ணியில கோளாறு இல்லப்பா. காத்துல" என்றேன்.

"காத்துல என்ன தாயி கோளாறு? ஊரெல்லாம் காத்துதான அடிக்கி."

"காருக்குள்ள அடிக்கல."

தாவணியை வைத்துக் காட்டினேன். அப்பா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தானும் இரண்டு காரிலும் வைத்துப் பார்த்தார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெஞ்சைப் பார்த்துத் திரும்பினார்.

"சிரிங்கலே, சிரிங்க. எம்மவ பௌதிகம்."

அந்த வார்த்தை அவர் வாய்க்கு இன்னும் பழகவில்லை. ஆனால் சொன்ன தோரணை எனக்குப் பட்டம் வாங்கியது போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மெக்கானிக் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். "காலேஜு சொன்னா கேட்டுக்கிட வேண்டியதுதான்" என்று என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். கேலிதான். ஆனால் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பானெட்டைத் திறந்து, தான் என்ஜின் பக்கம் குனிந்துகொண்டு, என்னை முகப்புக் கம்பி வழியாக டார்ச் அடிக்கச் சொன்னார். தகடுகளுக்கு இடையே இடைவெளி இருந்தால் வெளிச்சம் அந்தப் பக்கம் தெரிய வேண்டும்.

"அடிச்சியா?"

"அடிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"இங்க இருட்டால்ல கெடக்கு" என்றார் மெக்கானிக். இந்த முறை குரலில் கேலி இல்லை.

தண்ணீரை வடித்து, குழாய்களைக் கழற்றி, ரேடியேட்டரை வெளியே எடுத்து வாசலில் சாக்கு விரித்து வைத்தார்கள். முன்பக்கம் பார்ப்பதற்கு ஒழுங்காகத்தான் இருந்தது. தகட்டைப் போலவே சாம்பல் நிறம். காருக்குள் இருந்தபோது யார் குனிந்து பார்த்தாலும் தகடு என்றே நினைத்திருப்பார்கள். மெக்கானிக் ஒரு ஈர்க்குச்சியை எடுத்துக் கீறினார். குச்சி சதக்கென்று உள்ளே போனது. நெம்பியபோது கம்பளித் துண்டு போல ஒன்று பிய்ந்து வந்தது.

"என்னது இது?" அப்பா அதை வாங்கி விரலால் தேய்த்தார்.

அம்மா அப்போதுதான் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து இறக்கினாள். இறக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "பிய்க்காதிய, பிஞ்சு பிஞ்சு உள்ள போயிரும். நனைச்சுட்டு எடுங்க, சேந்தாப்புல வரும்" என்று சொல்லிக் கையால் தண்ணீரை அள்ளி அதன்மேல் தெளித்தாள். சற்று ஊறவிட்டு ஓரத்திலிருந்து உரித்தாள். தோசை கல்லைவிட்டு எழும்புவதுபோல் அது அப்படியே எழும்பி வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தூசியும் எண்ணெயும் சேர்ந்து இறுகிய பஞ்சு. உள்ளே கறுப்புப் புள்ளிகளாகக் கொட்டைத் தோல்.

"இது எங்க பேட்டை தூசி ரூம் பஞ்சுல்லா" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது என்ன சொன்னோம் என்று. பஞ்சைச் சாக்கில் போட்டாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டாள்.

மெக்கானிக் அப்பாவைப் பார்த்தார். அப்பா குனிந்து வேண்டாத ஒரு போல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அண்ணாச்சி, தூசி ரூம் பேட்டைக்குப் பின்னால சந்துக்குள்ளல்ல இருக்கு. ஆள் நடமாட்டமே கெடையாதே. அங்க ஒமக்கு என்ன சவாரி?"

"வேலையப் பாருலே."

"வதினா," வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார் மெக்கானிக், "அண்ணாச்சிக்கு அங்க யாரு சவாரின்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

உள்ளேயிருந்து பாத்திரம் உருளுகிற சத்தம் மட்டும் வந்தது.

நான் அடுப்பங்கரைக்குப் போனேன். அம்மா எதையும் செய்யாமல் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்திருந்தது. கேட்கக் கேட்கத்தான் சொன்னாள்.

கார் வாங்கின புதிதில் அப்பா ஒருநாள் சாயங்காலம் பேட்டை வாசலிலேயே போய் நின்றிருக்கிறார். வேலை விட்டு வந்த பெண்கள் அம்மாவைச் சூழ்ந்துகொண்டு, மகாராணிக்குப் பல்லக்கு வந்திருக்கிறது என்று ஒரு வாரம் கேலி செய்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அந்த வயதுப் புருஷனும் பெண்டாட்டியும் கோயிலுக்குக்கூட ஒன்றாக நடக்க மாட்டார்கள். அவர் முன்னால் போவார், அவள் கொஞ்சம் விட்டுப் பின்னால் போவாள். "நாலு பொம்பளைக நடுவுல என்னய நிப்பாட்டாதிய, இனி வாசலுக்கு வரக் கூடாது" என்று அம்மா சொல்லிவிட்டாள். அப்பாவும் சரி என்றிருக்கிறார். மறுநாளிலிருந்து வாசலுக்கு வரவில்லை. பேட்டைக்குப் பின்னால் யாரும் போகாத சந்தில் வந்து நின்றார். தூசி ரூம் குழாய் பஞ்சுத் தூசியைக் கக்குகிற இடம். பாதை ஒதுக்கமானது, பெண்கள் யாரும் அந்தப் பக்கம் வர மாட்டார்கள். அணைத்தால் தள்ள ஆள் கிடையாது என்பதால் காரை ஓடவிட்டே காத்திருப்பார். ஓடுகிற ஃபேன் சந்தில் மிதக்கிற பஞ்சையெல்லாம் இழுத்து இழுத்து ரேடியேட்டரில் அப்பிக்கொண்டது. திரும்பி வரும்போது எங்கள் தெருவுக்கு முந்தின நிறுத்தத்திலேயே அம்மா இறங்கிக்கொள்வாள். பஸ்ஸில் வந்தவள் போலத் தூக்குவாளியை ஆட்டிக்கொண்டு நடந்து வருவாள்.

ஊரில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. பேட்டையில் வேலை பார்க்கிற மற்றப் பெண்களைவிட அம்மா சீக்கிரம் வருகிறாளே என்று தோன்றியதுண்டு. நடையில் கெட்டிக்காரி, முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

"கால் வலிக்கின்னு ஒரு நாளும் நான் அவியட்ட சொன்னதில்ல. அவியளாத்தான் வருவாவ" என்றாள் அம்மா. "வண்டியில பேசக்கூட மாட்டோம். நான் பின்னால உக்காந்து காலை நீட்டிக்கிடுவேன். அம்புட்டுதான்."

சோடா மாவைக் கரைத்து எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். செத்த நேரம் கழித்து அம்மாவும் வந்தாள். யாரும் யாரையும் பார்க்காமல் நான்கு பேரும் அந்த ரேடியேட்டரைச் சுத்தம் செய்தோம். அம்மா நனைத்து நனைத்து உரித்தாள். மிச்சத்தை நானும் அப்பாவும் ஈர்க்குச்சியால் தகடு தகடாக எடுத்தோம். மெக்கானிக் பின்பக்கமிருந்து தண்ணீரைப் பீய்ச்சினார். அது முன்பக்கம் வந்து எங்கள் எல்லார் முகத்திலும் தெறித்தது. டார்ச்சைப் பின்னால் பிடித்தபோது வெளிச்சம் சல்லடை வழியாக வருவது போலப் புள்ளி புள்ளியாக வந்தது. உரித்த பஞ்சு ஒரு தலையணைக்குக் காணும்.

பூட்டி முடித்து, ராஜபாளையம் வரை ஓட்டிவிட்டு வந்தார்கள். கொதிக்கவில்லை. ஆனால் மெக்கானிக் உறுதி சொல்லவில்லை. "ஓடும்போது எதிர்காத்துலயே ஆறிக்கிடும். ஆளை நெறைய ஏத்திட்டு, நின்ன எடத்துல செத்த நேரம் ஓடணும். அப்பத் தாங்குனா என்ஜின் தப்பிச்சுது. இல்லன்னா நான் மொதல்ல சொன்னதுதான்." போகும்போது அப்பாவிடம், "இனி அந்தச் சந்துக்குப் போகாதிய. திரும்பவும் அடைச்சுக்கிடும்" என்றார்.

"இனி வர வேண்டாம். நான் பஸ்ஸுலயே வாரேன்" என்றாள் அம்மா. அப்பா பானெட்டை இறக்கி மூடினார்.

மறுநாள் திங்கட்கிழமை. கல்லூரி விட்டதும் நான் வீட்டுக்குப் போகாமல் பேட்டைக்கு நடந்தேன். எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. பார்க்க வேண்டும் போலிருந்தது.

சந்தில் யாரும் இல்லை. கார் வாசலில், கேட்டுக்கு நேரே நின்றது. அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கதவில் சாய்ந்து நின்றார். சங்கு ஊதியது. தலையிலும் புருவத்திலும் பஞ்சோடு பெண்கள் வெளியே வந்தார்கள். அம்மா காரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"ஏ யக்கா, பல்லாக்கு வந்துருக்கு. ஏறு, ஏறு."

"மாமா சட்டையப் பாருங்கட்டி. பொண்ணு பாக்க வந்துருக்காவளோ."

அப்பா பின்கதவைத் திறந்தார். "சீவில்லித்தூர் வாரவுக ஏறுங்க. பஸ்ஸுக்கு எதுக்கு நிக்கணும்."

கேலி செய்தவர்கள் ஒரு கணம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பிறகு தூக்குவாளிகள் இடிபட நெருக்கியடித்து ஏறினார்கள். நானும் அவர்களுக்கு நடுவே யார் மடியிலோ உட்கார்ந்தேன். பின்னால் இடம் இல்லை. அம்மாவுக்கு முன்சீட்டுதான் மிச்சம். அவள் கதவோரமாக ஒடுங்கி உட்கார்ந்தாள்.

ஊரைத் தாண்டுவதற்கு முன் அப்பா லாரி ஷெட் வாசலில் காரை ஓரம் கட்டினார். என்ஜினை அணைக்கவில்லை. "ஒரு நிமிசம்" என்று இறங்கிப் போனார். கார் அத்தனை பேரையும் சுமந்துகொண்டு வெயிலில் நின்ற இடத்திலேயே ஓடியது. அப்பா முதலாளி எதிரில் நின்று ஏதும் பேசாமல் காரையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் காத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அம்மா சூட்டைக் காட்டுகிற முள்ளைப் பார்த்தாள். அவளுக்கு எண் படிக்கத் தெரியும். முள் எதைத் தாண்டினால் கொதிக்கும் என்பதை அப்பா என்றைக்கோ சொல்லியிருக்க வேண்டும். பின்னால் பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் கை கதவுப் பிடியை இறுக்கியிருந்தது. முள் கொஞ்சம் ஏறியது. அங்கேயே நின்றது. நெடுநேரம் நின்றது. முன்பக்கமிருந்து ஆவி ஏதும் வரவில்லை.

அப்பா அதன் பிறகுதான் முதலாளி பக்கம் திரும்பினார்.

"வண்டி எடுக்கல மொதலாளி. காரு சரியாயிருச்சு."

"திரும்பக் கொதிச்சா?"

"கொதிச்சா பாக்கதுக்கு வீட்டுல ஆள் இருக்கு."

அவர் வந்து ஏறி கியரைப் போட்டார். பின்சீட்டில் பேச்சு நின்றுவிட்டது. அம்மா முள்ளைவிட்டுக் கண்ணெடுத்து, "என்ன சொன்னிய?" என்று கேட்டாள்.

"வரலன்னு சொன்னேன்."

அம்மா முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கார் மம்சாபுரம் விலக்கு ரோட்டைத் தாண்டும்வரை அப்படியே இருந்தாள். பிறகு குனிந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டினாள்.

பின்னாலிருந்து ஒருத்தி தயங்கித் தயங்கி, "அப்ப நாளைக்கும் காரு வாசலுக்கு வருமா மாமா?" என்று கேட்டாள்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டே, எல்லாருக்கும் கேட்கும்படி, "வருவாவ" என்றாள்.